சிலந்தியை யார் எண்ணுவது?

பயிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயலின் நடுவே வட்ட வட்டமாகக் காய்ந்து, தீப்பட்டதுபோல் கருகிச் சாய்ந்து கிடந்தால் டெல்டாவில் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்: புகையான் விழுந்துவிட்டது. குத்தை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால், நெல்மணியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் தண்டில் கொத்துக் கொத்தாக ஒட்டிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். உரக்கடைக்கு ஓட்டம், இரண்டு மருந்தைக் கலந்து ஓர் அடி, பத்து நாள் கழித்து இன்னோர் அடி. புயலையும் வெள்ளத்தையும் பேசுவதுபோலவே புகையானையும் தெய்வக் குற்றம்போலப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் நம்மைப் போன்ற வெப்பநாடுகளின் நெல்வயலில் புகையான் பெருகுவது பெரும்பாலும் நம் கைவேலை. நட்ட முதல் நாற்பது நாளில், இன்னும் வந்தே சேராத பூச்சிக்குப் பயந்தோ, வந்திருந்தும் விளைச்சலைக் குறைக்காத புழுவைக் கண்டோ அடிக்கப்படும் மருந்தில்தான் அது தொடங்குகிறது. இதற்கான ஆதாரம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து கிடக்கிறது. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே அதன் சாரம் இருக்கிறது. வயலுக்குத்தான் அது இன்னும் இறங்கி வரவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சூழல் ஒத்துவந்தால் ஒரு பெண் புகையான் இருநூறு, முந்நூறு முட்டை வரை இடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிட ஏறத்தாழ ஒரு மாதம். இருநூறு என்றே வைப்போம். அதில் பாதி பெண். எல்லாம் பிழைத்தால் ஒன்று நூறாகும், நூறு பத்தாயிரமாகும், மூன்றாவது தலைமுறையில் பத்து லட்சமாகும். ஒரு பயிர்க்காலத்துக்குள் இது முடிந்துவிடும். ஆனால் பெரும்பாலான வயல்களில் பெரும்பாலான போகங்களில் அப்படி நடப்பதில்லை. எண்ணிக்கை ஏறாமல் இருக்கிறதென்றால் இருநூறு முட்டையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, வளர்ந்து முட்டையிடும் முன்பே செத்துப்போகிறது என்று பொருள். ஓர் உயிர் எத்தனை பெற்றுப்போடுகிறது என்பதைவிட, அதில் எத்தனை சாகிறது, யார் வாயில் போய்ச் சாகிறது என்பதே அதன் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். சூழலியலின் பாலபாடம் இது. அந்தச் சாவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதிலிருந்து தொண்ணூற்றைந்தாகக் குறைந்தால் போதும், தலைமுறைக்கு ஐந்து மடங்காக மூன்று தலைமுறையில் 125 மடங்கு பெருகிவிடும். கண்ணுக்குத் தெரியாத நான்கு சதவீதத்தில் ஒரு வயலின் விளைச்சல் தொங்குகிறது.

சாகடிப்பவர்கள் யார்? வலை பின்னாமல் குத்துகளுக்கிடையே தண்ணீர்மேல் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி முதல் ஆள். ஒன்று ஒரு நாளைக்குப் புகையான் போன்ற தத்துப்பூச்சிகளை ஐந்து முதல் பதினைந்து வரை தின்னும். தண்டிலிருந்து தவறித் தண்ணீரில் விழும் குஞ்சுகளைப் பிடிக்க நீர்ப்பரப்பில் ஓடும் சிறு பூச்சிகள் காத்திருக்கின்றன. பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் புகையான் செருகிவைத்த முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சுகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிகள் அதே முட்டைக்குள் தம் முட்டையை வைக்கின்றன. ஊசித்தட்டான், பொறிவண்டு, தவளை எல்லாம் இதற்கு மேல். இலங்கையின் குருநாகல் மாவட்டத்தில் பத்தலகொடவில் பாசன நெல்வயல்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, முதுகெலும்பில்லாத உயிர்களில் 494 இனங்களையும் முதுகெலும்பு உள்ளவற்றில் 103 இனங்களையும் பதிவு செய்தது. நெல் மட்டும் விளைவதாக நாம் நினைக்கும் இடத்தில் ஒரு சின்னக் காட்டின் கூட்டம் இருக்கிறது. அதில் பயிரைத் தின்பவை சிறுபான்மை.

பூச்சி வந்த பிறகுதானே சிலந்தி வரும், அதற்குள் பயிர் போய்விடாதா என்று கேட்கலாம். பாடப்புத்தகத்து உணவுச் சங்கிலியை அப்படியே எடுத்துக்கொண்டால் நியாயமான கேள்விதான்: நெல், அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் சிலந்தி என்று வரிசையாக. ஜாவாவின் வயல்களில் வில்லியம் செட்டில் என்ற சூழலியலாளரும் கூட்டாளிகளும் எண்ணிப் பார்த்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையையே கலைத்துப்போட்டது. தண்ணீர் கட்டி உழுதவுடன் வைக்கோலும் வேரும் சாணமும் மக்கத் தொடங்குகின்றன. அதை நுண்ணுயிர் தின்கிறது. நுண்ணுயிரையும் மக்கலையும் கொசுப்புழு போன்ற நீர்வாழ் புழுக்களும் சிறு பூச்சிகளும் தின்கின்றன. நெல்லைத் தொடாத இந்தக் கூட்டம் நட்ட சில வாரங்களிலேயே உச்சத்துக்குப் போகிறது. சிலந்தியும் மற்றவையும் இதைத் தின்றே பெருகுகின்றன. ஆகவே புகையான் வந்து இறங்கும்போது காவலுக்கு ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அவர்களுக்குச் சாப்பாடு போட்டு வைத்திருந்தது மக்கல். கரிமப் பொருளைக் கூடுதலாகப் போட்ட வயலில் இந்தக் கூட்டமும், அதைத் தொடர்ந்து சிலந்திகளும் கூடின என்பதும் அந்த ஆய்வில் உண்டு. அறுவடைக்குப் பின் ராமநாதபுரத்துக் கீதாரிகளை வரவழைத்து ஆட்டுக்கிடை போட்டதும், தக்கைப்பூண்டை மடக்கி உழுததும் உரத்துக்காக என்றுதான் கணக்கு எழுதிவந்தோம். அந்தக் கணக்கில் சிலந்திக்கும் ஒரு வரி போட்டிருக்க வேண்டும்.

இந்த நிலையில், நட்ட பதினைந்தாம் நாளோ இருபதாம் நாளோ குருணை மருந்து தூவப்படுகிறது, அல்லது இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டு தெளிப்பான் எடுக்கப்படுகிறது. தண்ணீரில் நெளிந்தவை சாகின்றன. சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் நேராக மருந்து பட்டோ பசியிலோ போகின்றன. புகையானின் முட்டை மட்டும் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும், மருந்து அங்கே எட்டாது. ஒரு வாரத்தில் அது பொரிக்கும்போது வெளியே எதிரி இல்லை. புகையானுக்கு அடுத்த தலைமுறை ஒரு மாதத்தில். ஓநாய்ச் சிலந்தி வளர்ந்து முட்டைப்பை சுமக்க அதைவிட வெகுகாலம் ஆகும். ஆக, அந்த வயலில் போட்டி ஒருதலையாகிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் கென்மோர் 1980-களின் தொடக்கத்தில் காட்டியது இதைத்தான்: மருந்து அடித்த வயலில்தான் புகையான் வெடித்துப் பெருகியது, அடிக்காததில் இல்லை. இன்னும் ஒரு படி மேலே போனது பூச்சியியலாளர்கள் செல்லையாவும் ஹைன்ரிக்ஸும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு. டெல்டாமெத்ரின், மீத்தைல் பாரத்தியான் போன்ற சில மருந்துகள் கொல்லாத அளவில் பட்டபோது, பிழைத்த புகையான் கூடுதலாகத் தின்றது, கூடுதலாகப் பெருகியது. எதிரியைக் கொன்று, மிஞ்சியதற்கு ஊட்டமும் கொடுத்த மருந்துக்குக் காசும் நாம்தான் கொடுத்தோம்.

சோதனை வயலில் நடப்பதெல்லாம் நாடு முழுக்க நடக்குமா என்ற சந்தேகத்துக்கு இந்தோனேசியாவின் கதை பதில். பசுமைப் புரட்சியின்போது அந்த அரசு பூச்சிமருந்து விலையில் பெரும்பங்கைத் தானே ஏற்றது. ஒரு கட்டத்தில் அந்த மானியம் விலையில் எண்பது சதவீதத்தைத் தாண்டியது. 1970-களின் நடுவில் புகையான் நாட்டை உலுக்கியது. எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்களைக் கொண்டு சமாளித்து 1984-இல் அரிசியில் தன்னிறைவு கண்டார்கள். இரண்டே ஆண்டில் மத்திய ஜாவாவில் மறுபடி புகையான். பூச்சியியலாளர்கள் ஜனாதிபதி சுகார்த்தோவிடம் போய், கெடுப்பதே மருந்துதான் என்றார்கள். சுகார்த்தோவைச் சூழலியல் ஆர்வலர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தால் ஆட்சி ஆடும் என்று தெரிந்த ராணுவக்காரர், அவ்வளவுதான். 1986 நவம்பரில் 57 வணிகப் பெயர்களில் விற்ற மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாதென்று ஆணையிட்டார். மானியம் படிப்படியாகக் குறைந்து 1989-இல் நின்றது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் அரசுக்கு மிச்சம். அதில் ஒரு பகுதியைக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தினார்கள். வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, குத்துக்குக் குத்து பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, படம் வரைந்து, அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்கும் பள்ளி. லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது, அரிசி உற்பத்தி விழவில்லை, ஏறியது. ஏற்றத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; ஆனால் மருந்தைக் குறைத்தால் விளைச்சல் சரியும் என்ற கணிப்பு பொய்த்தது என்பதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. பின்னாளில் கட்டுப்பாடு தளர்ந்து சந்தை திறந்துவிடப்பட்டது. 2010, 2011-இல் ஜாவாவில் புகையான் மீண்டும் பெரிதாக வந்தது. பழைய பாடத்தை மறந்ததன் விளைவு என்றே பூச்சியியலாளர்கள் பலர் எழுதினார்கள்.

நல்ல ரகம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்பவர்களுக்கு ஒரு சுருக்கமான வரலாறு. புகையானைத் தாங்கும் மரபணுக்களில் முதலில் அடையாளம் காணப்பட்ட இரண்டில் ஒன்று, நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.எஸ்.டி. 7 ரகத்தில் கண்டது, நமக்குப் பெருமைதான். மற்றொன்றைச் சுமந்து வந்த ஐ.ஆர். 26 ரகத்தை இரண்டு மூன்று ஆண்டிலேயே புகையான் பழகிக்கொண்டது. மருந்தடித்துப் பூச்சியைக் கோடிக்கணக்கில் பெருகவிட்டால், அந்தக் கூட்டத்தில் ரகத்தை வெல்லக்கூடிய ஒன்று இருப்பதற்கான வாய்ப்பும் கூடும். சிலந்தி இல்லாத வயலில் ரகத்தின் ஆயுளும் குறைவு.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இயற்கை தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும், மருந்தென்ற சொல்லே கூடாது என்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் 1732-இல் வந்த பெரும் பஞ்சத்துக்குத் தத்துப்பூச்சிகளே முக்கியக் காரணம். அப்போது எந்த ரசாயன மருந்தும் கிடையாது. வயல் தண்ணீரில் திமிங்கல எண்ணெயை ஊற்றி, பூச்சியைத் தட்டிவிட்டு மூழ்கடிப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். எனவே மருந்தில்லாவிட்டால் புகையானே வராது என்பது பிழை. ஆனால் அங்கே ஏன் அப்படி நடந்தது என்று பார்த்தால் என் வாதத்துக்கே அது வலு சேர்க்கிறது. ஜப்பானின் குளிரைப் புகையான் தாங்காது. ஆண்டுதோறும் மழைக்காலக் காற்றோடு கடல்கடந்து சீனப் பக்கத்திலிருந்து புதிதாக வந்து இறங்குகிறது. பூச்சி பறந்து வந்துவிடுகிறது, அதன் எதிரிகள் அதே வேகத்தில் வந்து சேர்வதில்லை. நமக்கோ குளிர்காலம் என்று ஒன்று இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று போகங்கள் தொடர, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சிலந்தி ஆண்டு முழுதும் குடியிருக்கிறது. ஜப்பானுக்கு வாய்க்காத காவல் நமக்கு இலவசமாக வாய்த்திருக்க, அதை நாமே கலைக்கிறோம்.

இந்த வாதத்தை எடுத்தாலே இலங்கையைக் காட்டுவார்கள். 2021 ஏப்ரலில் அங்கே ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே ஆணையில் நிறுத்தினார்கள். பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. நவம்பருக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அது தவறான முடிவு, அதில் ஐயமில்லை. ஆனால் அது எதற்குச் சான்று? அதிகம் விளைவதற்கென்றே உருவான ரகங்களுக்கு வழக்கமாகக் கிடைத்த தழைச்சத்தை, மாற்று ஏதும் கையில் கொடுக்காமல் ஒரே போகத்தில் பிடுங்கினால் பயிர் மெலியும். பூச்சிமருந்தைக் குறைத்ததால் சரிந்தது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. இந்தோனேசியா செய்தது இதற்கு நேர்மாறு: உரத்தில் கைவைக்கவில்லை, கெடுதல் செய்யும் மருந்துகளைப் பெயர் சொல்லி நிறுத்தியது, பயிற்சி கொடுத்தது. உரத்தைப் பற்றி நாமும் பேசத்தான் வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை, வரியும் வேம்புப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கும்போது அளவுக்கு மீறிப் போடும் ஆசை வரத்தான் செய்யும். தழைச்சத்து மிஞ்சிய பயிரின் சாறு புகையானுக்கு விருந்து. அது அதிகம் முட்டையிடும், அதிகம் பிழைக்கும். ஆனால் அளவாகப் போடுவது வேறு, நிறுத்துவது வேறு.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு விவசாயியிடமிருந்து வருவது. குத்தகை நிலம், வட்டிக்கு வாங்கிய பணம், பக்கத்து வயலில் அடித்துவிட்டார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை நம்பி அவர் சும்மா இருக்க முடியுமா? பயிர் போனால் ஆராய்ச்சியாளரா கடன் கட்டுவார்? இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளுபவர் வயலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். அவருக்கு மருந்து ஒரு காப்பீடு. நான் சொல்வது, அந்தக் காப்பீட்டுக்குக் கட்டும் பணமே ஆபத்தைக் கூட்டுகிறது என்பது. ஆனால் அதை வாயால் சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. வியட்நாமின் மேகாங் டெல்டாவில் இதைப் புரிந்து செயல்பட்டார்கள். இலை வெளுத்துத் தெரிவதால் இலைச்சுருட்டுப் புழுவுக்குத்தான் விவசாயிகள் முதல் மருந்தை அடிக்கிறார்கள், ஆனால் தூர் கட்டும் பருவத்தில் இழந்த இலையைப் பயிர் தானே ஈடுகட்டிவிடும் என்பது பூச்சியியலாளர் கே.எல். ஹியோங் குழுவின் கண்டறிதல். அதை அறிவுரையாகச் சொல்லாமல், வயலில் ஒரு பகுதியை நாற்பது நாள் மருந்தடிக்காமல் விட்டு நீங்களே அளந்து பாருங்கள் என்றார்கள். 1994-இல் தொடங்கி வானொலி நாடகம் வரை போட்டுச் செய்தியைக் கொண்டுபோனார்கள். ஒரு போகத்துக்கு மூன்று முறைக்கு மேல் அடித்த பூச்சிமருந்து பாதிக்கும் கீழே குறைந்தது. அது நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து விளம்பரம் ஓயவில்லை, பிரசாரம் ஓய்ந்தது, பத்தாண்டு கழித்து புகையான் திரும்பியது.

இப்போதைய புதிய மருந்துகள் சிலந்தியை அவ்வளவாகத் தொடுவதில்லை என்கிறார்கள். சிலவற்றைப் பொறுத்தவரை உண்மை. புகையான் எல்லை மீறிவிட்ட வயலுக்கு அவை தேவை. அதற்காகவே அவற்றைச் சேமித்துவைக்க வேண்டும். இமிடாகுளோப்ரிட் 1990-களில் வந்தபோது இதே நம்பிக்கையோடுதான் வந்தது. அடித்து அடித்தே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆசியப் புகையான்களை அதற்குப் பழக்கிவிட்டோம்.

அப்படியானால் எப்போது அடிக்கலாம்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அழகான ஒரு வரி உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற நிலை வந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதாவது குத்துக்கு ஒரே ஒரு சிலந்தி இருந்தால் பொறுக்கும் அளவு இரட்டிப்பாகிறது. நம் சொந்த நிறுவனம் சிலந்தியைக் கணக்கில் எடுத்து எண் போட்டே வைத்திருக்கிறது. ஆனால் விவசாயிக்கு அதை எண்ணக் கற்றுக்கொடுப்பது யார்? உதவி வேளாண்மை அலுவலரின் கையில் ஊர்களும் திட்டங்களும் இலக்குகளும் ஏராளம். வயலில் குனிந்து குத்தை விலக்க அவருக்கு நேரமில்லை. அந்த இடத்தை நிரப்புபவர் உரக்கடைக்காரர். அவரைக் குறைசொல்வதில் பயனில்லை. நோய்க்கு ஆலோசனை சொல்பவரே மருந்தை விற்று வாழவேண்டும் என்று வைத்தால், அடிக்காதே என்ற ஆலோசனை அங்கே கிடைக்காது. இடுபொருள் விற்பனையாளர்களுக்கென 2003-இல் தொடங்கிய பட்டயப் படிப்பு நல்ல முயற்சிதான். ஆனால் படிப்பு எதுவானாலும் வருமானம் புட்டிக் கணக்கில்தான். இப்போது ட்ரோனும் வந்துவிட்டது. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் ஒன்றிய அரசின் திட்டம் ஆள் பற்றாக்குறைக்கு ஒரு விடையாக இருக்கலாம். சில நிமிடத்தில் ஒரு ஏக்கர் அடிக்க முடிகிறபோது, அடிக்குமுன் எண்ணிப் பார்க்க யாராவது இருந்தே ஆகவேண்டும்.

மேட்டூர் திறந்ததும் குறுவைக்கென்று அரசு விதை முதலிய இடுபொருள்களை மானியத்தில் தருகிறது. அதோடு ஊருக்குப் பத்து வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து சென்ட் நாற்பது நாளைக்கு மருந்தில்லாமல் விடச் சொல்லலாம். வரப்பில் எள்ளோ தட்டைப்பயறோ உளுந்தோ போட்டால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். சீனா, வியட்நாம், தாய்லாந்து வயல்களில் வரப்புப் பூக்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில் மருந்து எழுபது சதவீதம் குறைந்து விளைச்சல் ஐந்து சதவீதம் கூடியது. எள்ளும் உளுந்தும் நமக்குப் பழகிய வரப்புப் பயிர்கள்தான். வேளாண் கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருமுறை விவசாயியோடு இறங்கிச் சிலந்தியையும் புகையானையும் எண்ணட்டும், அறுவடையில் அந்தப் பத்து சென்ட்டையும் மீதி வயலையும் தனித்தனியே அளக்கட்டும். அந்தப் பத்து சென்ட்டில் விளைச்சல் குறைந்தால், குறைந்த மூட்டைக்குக் கொள்முதல் விலையிலேயே அரசு ஈடு கொடுக்கட்டும். மருந்தடிக்காமல் இருக்கும் துணிச்சலின் விலையை ஏன் குத்தகைதாரர் மட்டும் சுமக்க வேண்டும்?